கப்பைக் கிராமாக்குகிறவர்

வாசகரே, சமையலறைக்குள் ஈயும் எறும்பும் போக இன்னோர் இனமும் வரும். அது கரண்டி பிடிக்காது, பாத்திரம் தேய்க்காது, ஒரு வெங்காயம்கூட உரிக்காது. ஆனால் யாராவது "ஒரு கப் மைதா" என்று வாயைத் திறந்துவிட்டால் போச்சு, ஹாலில் படித்துக்கொண்டிருந்த பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்து நிற்கும். "எந்தக் கப்? அள்ளின கப்பா, கரண்டியால போட்ட கப்பா? சலிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? தட்டினியா, தட்டலையா?"

கிராம் சார் இந்த இனத்தில் முதல் தரம். மீட்டர் சரிபார்க்கும் அலுவலகத்தில் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே எல்லோரும் மறந்து வெகுகாலமாயிற்று. அமுக்கினால் மாவு கனக்கும், சலித்தால் லேசாகும், ஆகவே கப் சொல்வது புளுகு, தராசு சொல்வதே சத்தியம் என்பது அவர் கொள்கை. கொள்கை சரிதான், யார் இல்லையென்றது?

அவர் மனைவியிடம் காது உடைந்த டீ கப் ஒன்று உண்டு. மாவு, சர்க்கரை, பால் எல்லாவற்றுக்கும் அதே கப். இத்தனை வருஷத்தில் அவள் கேக் ஒரு தடவைகூட மோசம் போனதில்லை.

ஒரு நாள் அந்தக் கேக்குக்கும் சோதனை வந்தது. ஏதோ கல்யாணத்தில் இவள் 'வாக்கா' என்று வரவேற்கவில்லையென்று இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அக்கா, சாயங்காலம் டீக்கு வருகிறாள். அக்காவுக்கு அந்தக் கேக் என்றால் உயிர். அது சொதப்பினால் அக்கா மறுபடி இந்தப் படியேற மாட்டாள்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் தலையிடாதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"யார் தலையிட்டா? மைதா எத்தனை கப்?"

"மூணு."

அவள் ஓவனைச் சூடாக்கத் திரும்பியதுதான் தாமதம். மனிதர் போனைத் தடவி, கடையில் விற்கும் அளவுக் கப்புக்கு இத்தனை கிராம் என்று கண்டுபிடித்து, மூன்றால் பெருக்கி, கிண்ணத்தின் எடையைக்கூட மறக்காமல் கழித்து, குந்துமணி மிகாமல் நிறுத்துக் கொட்டிவிட்டார். சர்க்கரையும் பாலும் அவள் டீ கப் கணக்கு. மாவு மட்டும் கடைக் கப் கணக்கு. கடைக் கப்பில் முக்கால்கூடத் தேறாது அந்த டீ கப். ஊரையெல்லாம் "எந்தக் கப்?" என்று குடைந்தவர், தன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

கேக்கா வந்தது? செங்கல்!

அக்கா கடித்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி இது, என் மேல இன்னும் கோவமா?"

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ, நான் இல்லக்கா. இவர்தான் மாவை நிறுத்துப் போட்டுட்டார்."

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "தராசா? அட கடவுளே, இங்கயும் வந்துடுச்சா! எங்க வீட்டு மனுஷன் உப்பைக்கூட நிறுக்கறார்டி!"

அவ்வளவுதான், இரண்டு வருஷக் கோபம் போன இடம் தெரியவில்லை. அக்காவும் தங்கையும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவரவர் புருஷனைக் கிழி கிழியென்று கிழித்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வெளியே கிராம் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே சகலைக்குப் போன் போட்டார். "கரெக்டா நிறுத்துப் போட்டேன் சகலை. ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க, பாருங்க!"

"அப்படியா? எத்தனை கிராம்?" என்றார் சகலை, பரபரப்பாக.

வாசகரே, அந்தக் கேள்வி உங்களுக்கும் நாக்கு நுனியில் வந்து நிற்கிறதா? மன்னிக்க வேண்டும், சொல்வதற்கில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது நிம்மதியாக ஒரு கேக் சுட வேண்டாமா?