மாமாவை நீலத்தில் நனைத்தேன்

1925 மார்ச் 14, சனிக்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். 6.05-க்குக் குளியல். 6.30-க்கு இட்லி, நான்கு. 7.50-க்குப் பினாங்கு பீச் ஸ்திரீட் அரிசிக் கம்பெனிக்குள் நுழைந்து, மேசை மேலிருந்த பென்சில்களை நீளவாரியாக அடுக்கினேன். ஒரு மணிக்கு அரைநாள் வேலை முடிந்தது. என் டைரியில் இதுவரை எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அடுத்த பக்கத்தில் மட்டும் ஓரமெல்லாம் நீல விரல் ரேகைகள். என் பத்து விரல்களும் அன்று நீலம். (அலுவலகத்தில் கேட்டவர்களிடம் மைக்கூடு கவிழ்ந்தது என்று சொல்லியிருந்தேன்.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சாயப் பைத்தியம் பிடித்திருந்தது.

படங்கள் பேசாத காலம் அது. நிறமும் கிடையாது. ஆனால் கறுப்பு வெள்ளையைச் சும்மா காட்டுவது கௌரவக் குறைச்சல் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஆகவே படச்சுருளைச் சாயத்தொட்டியில் முக்கி எடுத்துக் காட்டுவார்கள். இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு, காட்டுக்குப் பச்சை, விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், காதலுக்கு ரோஜா நிறம். கதாநாயகி மஞ்சள் அறையிலிருந்து வாசலுக்கு வந்தால் சட்டென்று நீலமாகிவிடுவாள். "ராத்திரி ஆயிருச்சு" என்று எங்கள் ஜனங்கள் பக்கத்திலிருக்கும் குழந்தைக்கு விளக்குவார்கள். (எடுத்தது பட்டப்பகலில். அவள் நிழல் காலடியிலேயே கிடக்கும். அதை யார் பார்த்தார்கள்?) சில படங்களில் ஆள் மாறினால் நிறம் மாறும், கதவு திறந்தால் நிறம் மாறும். முடிந்து வெளியே வரும்போது கதை மறந்து, புடவைக் கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்த களைப்புதான் மிஞ்சும்.

இதெல்லாம் இன்றைய ஞானம். அன்று இப்படிச் சொன்னவர்களை "ரசனை இல்லாதவர்கள்" என்ற தலைப்பில் வரிசை எண் போட்டு எழுதிவைத்திருந்தேன்.

அதில் முதல் எண் இப்ராகிம் அண்ணே. சூலியா ஸ்திரீட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பெரிய படத்துக்கு முன்னால் காட்ட, நம் ஊர்க் காட்சிகளாகப் பத்து நிமிஷப் படம் ஒன்று வேண்டும் என்று பயாஸ்கோப் கொட்டகைக்காரர் அவரிடம் கேட்டிருந்தார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில் அண்ணே கேமராவைச் சுற்றினார். நான் குடை பிடித்தேன். (அன்று அலுவலகத்துக்கு நான் அனுப்பிய சீட்டில் "கடுங்காய்ச்சல்" என்று இருந்தது.) வியாழக்கிழமை படச்சுருளை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கல்யாணத்தைப் படம் பிடிக்க அவர் நிபோங் திபால் கிளம்பினார்.

"கடைசியில துறைமுகம் வருது பாரு, அதுக்கு மட்டும் கொஞ்சம் நீலம் போடு. மத்ததெல்லாம் வெயில்ல எடுத்தது தம்பி. வெயிலாவே இருக்கட்டும் லா."

"வெறிச்சுன்னு இருக்காதா அண்ணே?"

"உன் மூஞ்சியும்தான் வெறிச்சுன்னு இருக்கு. சாயத்துல முக்கியா எடுத்தோம்?"

அவர் போனதும் நோட்டில் கோடு போட்டுத் திட்டம் தீட்டினேன். மார்க்கெட்: காய்கறி, ஆகவே பச்சை. சோற்றுக்கடை: அடுப்பு, ஆகவே சிவப்பு. கோயில்: மஞ்சள். பங்சவான் என்னும் மலாய் நாடகம் நடக்கும் கொட்டகை வாசல்: நாடகம் இரவில்தான், ஆகவே நீலம். இதில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியவில்லை.

ஓட்டை வழியாக வந்தவர் சிவசாமி மாமா. எனக்கு நிச்சயமாகியிருந்த கமலத்தின் தகப்பனார். விளக்கும் மண்ணெண்ணெயும் விற்பவர். அந்தச் செவ்வாய்க்கிழமை நாடகக் கொட்டகைக்கு எண்ணெய் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது படத்தில் விழுந்துவிட்டார். கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மாமாவைத் திரையில் காட்டி அசத்துவோம் என்று, மாமா, மீனாட்சி அத்தை, கமலம் மூவரையும் முன்வரிசையில் உட்காரவைத்தேன். என் கலைத்திறமை மேலிடத்துக்கும் தெரியட்டும் என்று எங்கள் கம்பெனியின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சாமுவேல் அவர்களையும் அழைத்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை 6.30, பயாஸ்கோப் கொட்டகை. விளக்கு அணைந்தது. மார்க்கெட் பச்சையாக வந்தது. மீன் விற்பவர், மீன், மீன் வாங்குபவர் எல்லோரும் குளத்தடியில் பாசி படிந்து கிடந்த மாதிரி இருந்தார்கள். நிபோங் திபாலிலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்த இப்ராகிம் அண்ணே பெட்டியைக் கீழே வைக்காமலே என் தோளைத் தொட்டார்.

"நான் எடுத்தது பினாங்கு. நீ காட்டுறது எந்த ஊரு?"

அடுத்தது சிவப்பில் சோற்றுக்கடை. "கடை பத்திக்கிச்சு" என்று ஒரு குரல். கடைக்காரரின் தம்பி பெஞ்சுகளைத் தாண்டி ஓடினார். (போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைத் தேடினார். அது வேறு கதை.) கோயில் மஞ்சளில் அர்ச்சகருக்குக் காமாலை கண்டிருந்தது.

பிறகு நீலம்.

நாடகக் கொட்டகைக் கதவு திறக்கிறது. சிவசாமி மாமா வெளியே வருகிறார். நாடகக்காரி ஒருத்தி கதவுவரை வந்து வழியனுப்புகிறாள். மாமா திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். மாமா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. (படம் எடுத்தபோது என் கண்ணெல்லாம் குடை மேல்.)

"ராத்திரி ஆயிருச்சு" என்று பின்வரிசையில் ஒரு தாய் தன் குழந்தைக்குச் சொன்னாள்.

அத்தை எழுந்தார். "செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி கோயில் கமிட்டி கூட்டம்னு சொன்னீங்களே. இதுதான் கமிட்டியா?"

"அடியே, அது மத்தியானம்டி."

"நீலமா இருக்கு. எனக்குப் படம் பார்க்கத் தெரியாதா? கமலம், கிளம்பு. காலையில முதல் படகுல சுங்கை பாக்காப், உன் மாமன் வீட்டுக்குப் போறோம். கல்யாணமும் வேணாம், கத்தரிக்காயும் வேணாம்."

கொட்டகைக்காரர் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். கமலம் என்னைப் பார்த்தாள். அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்றேன்.

"அத்தை, அது பகல்தான். நான்தான் சாயம் போட்டேன்." பத்து விரல்களையும் தூக்கிக் காட்டினேன்.

"உங்க மாமாவைக் காப்பாத்தக் கையை எதுல வேணும்னாலும் முக்குவீங்க தம்பி."

வேறு வழியில்லை. சட்டைப்பையிலிருந்த டைரியை எடுத்துப் படித்தேன். "செவ்வாய். 12.20. பங்சவான் வாசல். கடும் வெயில். இப்ராகிம் அண்ணேவுக்குக் குடை பிடித்தேன். மாமா வெளியே வந்தார்."

"செவ்வாய்க்கிழமையா?" என்றார் பெரிய கிராணி. "அன்னிக்கு உமக்குக் காய்ச்சல் இல்லையா?"

"ஆமாம் சார்."

"அந்தக் காய்ச்சலுக்கும் நீர்தான் சாயம் போட்டீரா?"

கொட்டகை முழுவதும் சிரித்தது. இப்ராகிம் அண்ணேவும் சிரித்தார். (அடுத்த ஆறு மாதம் என்னை அரிசிக் கிடங்கில் போட்டார்கள். அங்கே தரை, சுவர், மூட்டை, நான் எல்லாம் ஒரே நிறம்.)

அத்தை சிரிக்கவில்லை. "கையைப் பார்த்தேன், நோட்டையும் கேட்டேன். ஆனா என் கண்ணுக்கு ராத்திரிதானே தெரிஞ்சது? போட்ட சாயத்தை எடுங்க. பகல் தெரிஞ்சா கல்யாணம். தெரியலைன்னா சுங்கை பாக்காப்."

வருஷங்கள் பல ஓடிவிட்டன. இன்றும் மாமா கூட்டம் முடிந்து தாமதமாக வந்தால், அத்தை வாசலில் நின்று, "இது நெசமான ராத்திரியா, மாப்பிள்ளை போட்ட ராத்திரியா?" என்று கேட்பார். என் பிள்ளைகளும் அதைப் பாடமாக்கிவிட்டார்கள். பகலில் நான் சற்றுக் கண்ணயர்ந்தால், "அப்பாவுக்கு நீலம் போட்டாச்சு" என்பார்கள். சாயப் படங்களை நான் இப்போது பார்ப்பதில்லை. யார் முகத்திலாவது தேவையில்லாமல் நீலம் விழுந்தால் எழுந்து அவர் வீட்டுக்காரம்மாவிடம் விளக்கம் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

படம் காட்டியதற்கு மறுநாள், மார்ச் 15, ஞாயிறு. காலை 6.10. குளிக்கவில்லை, இட்லி இல்லை. முதல் வேலையாக ஸ்டூடியோவின் பின்கட்டில் குந்தி, அந்த நீலத் துண்டை வாளித் தண்ணீரில் அலசினேன். அத்தை முக்காலி போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். ஊருக்குக் கட்டிய மூட்டை காலடியில் இருந்தது. கமலம் தண்ணீர் மாற்றிக் கொடுத்தாள். மாமா சுவரோரமாக நின்றார். ஏழாவது வாளியில் தண்ணீர் தெளிந்தது.

அத்தை ஈரச் சுருளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தபால்தலை அளவு மாமா. அவர் காலடியில் பொட்டு மாதிரி நிழல்.

"பகல்தான்" என்றார் அத்தை.

மாமா மூச்சு விட்டார். நானும் விட்டேன். அத்தை சுருளைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"சரி. பட்டப்பகல்ல அந்தப் பொம்பளையைப் பார்த்து அப்படி என்ன சிரிப்பு?"

மாமா என்னைப் பார்த்தார். டைரியைப் புரட்டினேன். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதிவைக்கவில்லை.