பல்லுக் கறை எடுத்துப் பொண்ணு பாக்கப் போனேன்

ஞாயித்துக்கெழமை மகனுக்குப் பொண்ணு பாக்கப் போகணும். அதுக்குள்ள என் பல்லுக் கறை போகணும். வேலை அம்புட்டுத்தேன்.

முப்பது வருசமா வெத்தலை போடுற வாயி. சிரிச்சா செங்கக் காளவாசலு மாதிரி இருக்கும்.

மகன் கண்டிசனாச் சொல்லிட்டான். "எம்மா, பொண்ணு வீட்டுல நீ வாயத் தொறக்காத. தொறந்தாத்தேன் ஆகும்னா பல்லை வெளுத்துட்டு வா."

பெத்த வயிறு குளுந்துபோச்சு!

பக்கத்து வீட்டு முனியம்மா யோசனை சொல்றதுல கெட்டிக்காரி. "மதினி, கருவேலங்கரிய நுணுக்கி, கல்லுப்பு சேத்துத் தேயிங்க. பளிச்சுன்னு ஆயிரும்."

எங்க காட்டுல கரிக்கா பஞ்சம்? ரெண்டு நாளு தேய்ச்சேன். ஈறு புண்ணாச்சு. செவப்புக் கறைக்கு மேல கறுப்பும் ஏறி உக்காந்துக்கிருச்சு.

"அடியே, நீ தேய்ச்சுப் பாத்துட்டுத்தானே சொன்ன?"

"நான் எங்க மதினி தேய்ச்சேன்? எனக்குத்தேன் கறையே இல்லையே!"

சனிக்கெழமை பஸ்ஸேறி அருப்புக்கோட்டை போனேன். பல்லு டாக்டரம்மா எட்டிப் பாத்துட்டு, "என்னம்மா, வாய்க்குள்ள கரிமூட்டம் போட்டீங்களா?"ன்னுச்சு.

மிசினை விட்டுக் கிர்ர்ருன்னு சுரண்டுச்சு. கண்ணாடியக் காமிச்சா, எனக்கே அடையாளந் தெரியல.

"ரெண்டு நாளைக்குக் கூசும், சில்லுன்னு குடிக்காதீங்க"ன்னு சொல்லுச்சு. எனக்கு எங்க காதுல ஏறுச்சு? கண்ணாடிய விட்டுக் கண்ணெடுக்கல.

மறுநாளு காரியாபட்டிக்குப் பொண்ணு வீட்டுக்குப் போனோம். பொண்ணு லட்சணமா வந்து, ஐசு போட்ட கலரு சோடாவ நீட்டுச்சு. எங்க பக்கம், பொண்ணு வீட்டுல குடுத்ததக் குடிக்காம வச்சா சம்பந்தம் வேணாம்னு அர்த்தம்.

ஒரு மடக்குக் குடிச்சேன். உச்சி மண்டைக்குள்ள மின்னலு! மூஞ்சி கோணிக்கிருச்சு. டம்ளரக் கீழ வச்சுட்டேன்.

பொண்ணு மொகம் வாடிப்போச்சு. மகன் என்னைய முழுங்குற மாதிரி பாக்குறான். பொண்ணோட அம்மாவாச்சும் பேசுவாகன்னு பாத்தா, அவுக நாங்க வந்ததுலருந்து முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு உம்முன்னு உக்காந்திருக்காக.

பொண்ணோட அப்பா கேட்டே புட்டாரு. "என்ன தங்கச்சி, எங்க பிள்ளையப் புடிக்கலையா?"

இனி மறைச்சு என்ன? "அய்யோ அண்ணே, பிள்ள தங்கம்! எனக்குத்தேன் பல்லு கூசுது. நேத்துத்தேன் கறை எடுத்தேன்."

பொண்ணோட அம்மா முந்தானைய எறக்குனாக. வெள்ளை வெளேர்னு பல்லு!

"மதினி, நானும் நேத்துத்தேன் எடுத்தேன்! காத்துப் பட்டாலே கூசுது, அதேன் பொத்திக்கிட்டேன். வெத்தலை நீங்க மட்டுந்தேன் போடுவீகளா, நாங்க போட மாட்டோமா?"

ஆளுக்கு ஒரு டம்ளரு வெந்நியக் குடிச்சுச் சம்பந்தத்த முடிச்சோம். வெளுத்த பல்லக் காட்டிச் சிரிக்கத்தேன் ரெண்டு பேராலயும் முடியல.