பேச்சியம்மனுக்கு வைத்த மாதுளை

ஆழ்வார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

மைத்துனர் பாலகணேஷ் அவர்களுக்கு, அக்காள் புருஷன் வெள்ளைச்சாமி எழுதிக்கொண்டது. நங்கநல்லூரில் நீயும் உன் மூட்டுவலியும் பிரியாமல் வாழ அந்த ஆஞ்சநேயரை வேண்டுகிறேன். இங்கே நான் சுகமில்லை. சுகமாக இருந்தால் உனக்கு எதற்கு லெட்டர். போனில் பேசினால் மகள் லாவண்யா காதில் விழும்.

உன் அக்கா சரோஜா போனதிலிருந்து உன் மருமகள் ஆபீசுக்குப் போகிறாள், வருகிறாள், வாயைத் திறப்பதில்லை. அம்மா பிழைக்க வேண்டிக்கொண்ட சாமியில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று நம்ம சாமி படத்தையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டாள். இப்போ கம்ப்யூட்டர் மேஜை மேல கிரேக்க தேசத்துச் சாமி படம். பெர்சிஃபோனியாம். செத்தவங்க ஊருக்கு ராணியாம். என் வாயில் நுழையாததால் பேச்சியம்மன் என்று வைத்துக்கொண்டேன். நெற்றி வெறுமையாக நிற்கிறாளே என்று குங்குமம் வச்சேன், மல்லிகை போட்டேன். அதை லாவண்யா கலைக்காம விட்டுவச்சா.

போன வெள்ளிக்கிழமை மாதுளையைப் பிளந்து தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். சாமிக்குப் படைச்சதைத் திங்காம விட்டா சாமிக்கு என்ன மரியாதை? கண்ணுல ஒத்திக்கிட்டு மொத்தத்தையும் தின்னுட்டேன், மச்சான். வந்து வெறும் தோலைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, அது அம்மாவுக்காக வச்சது. உயிரோட இருக்கறவங்க தொடக்கூடாது. மண்ணுல புதைக்கணும்.”

“திவசத்துக்கு வச்சதை நாம சாப்பிடலையா?”

“இது அப்படி இல்லப்பா. அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தின்னவங்க அங்க போய்த்தான் ஆகணும்.”

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எப்படியும் போற ஊருதானே, டிபனை முன்னாடியே முடிச்சுட்டேன்னு சொன்னேன். சரோஜாவைத் தூக்கினபோதுகூட அழாத பிள்ளை, குலுங்கிக் குலுங்கி அழுதது. “நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் யாருகிட்டப்பா பேசாம இருப்பேன்?” என்று கேட்டது.

அன்னையிலேருந்து எனக்குச் சிறைவாசம். மாடிப்படி கூடாது, லஸ் முனை டீ கூடாது, கண்ணை மூடினா மூக்குல விரலை வச்சு மூச்சு வருதான்னு பார்க்கிறாள். இப்படியே போனால் அவள்தான் முதலில் படுத்துக்கொள்வாள். நீ தாய்மாமன், உனக்குத்தான் உரிமை. வந்து நல்லபடியாகப் பேசி அந்தப் படத்தை எடுக்க வை.

உன் வீட்டில் எல்லோருக்கும், உன் தலையில் தங்கியிருக்கும் நாலு முடிக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெள்ளைச்சாமி

பி.கு.: எழுதியதைக் கிழிக்க மனசில்லை, ஆனால் நீ வரவேண்டாம். இன்று அவளிடமே கதையை முழுசாகக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசினாள். பேச்சியம்மன் அந்த ஊரில் மாதுளை முத்தைத் தின்றதால் வருஷத்தில் கொஞ்ச மாசம் கீழே, மிச்சம் மேலே ஆத்தா வீட்டில் என்று தீர்ப்பாம். தேவலாமே, மச்சான், தின்னா மிச்ச மாசம் வீட்டுக்கு வரலாமே. உங்கக்கா மாதுளையே தொடமாட்டா, பல்லுல மாட்டும்பா. சாயங்காலம் லாவண்யாவும் நானும் லஸ்ஸுக்குப் போய் ஒரு பழம் வாங்கி, கீழே வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தோம். நான் ஒரு முத்துகூட எடுக்கவில்லை. உங்கக்கா தின்னட்டும்.