ஏழாம் நம்பர் ஷூ

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு போராட்டத்தில்தான் கலந்துகொண்டிருக்கிறேன். அதுவும் வேலைக்காக இல்லை, வசந்தாவுக்காக. (சங்கத்துக்காரர்கள் யாராவது படித்தால் மன்னிக்கவும்.)

தொண்ணூறுகளின் நடுவில் பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வசந்தா பேக்கிங்கில் இருந்தாள். ஒரு மார்ச் மாதம் முதலாளி கேட்டைப் பூட்டிவிட்டார். திறக்கச் சொல்லி, கோடை முழுக்கத் திங்கள்கிழமைதோறும் கம்பெனி வாசலிலிருந்து பொம்மனஹள்ளி வரை ஓசூர் ரோட்டில் ஊர்வலம் போவதென்று சங்கம் முடிவு செய்தது.

வசந்தா முதல் வரிசையில் பேனர் பிடித்து நடப்பாள். நடையா அது, பஸ்ஸே ஒதுங்கி வழிவிடும். நானோ தேய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டு கடைசி வரிசையில், தண்ணீர் டிரம் ஏற்றிய ஆட்டோவுக்கு முன்னால். ஒருநாளாவது அவள் பக்கத்தில் நடந்து மனசில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி திறக்காமலே இந்தக் கோடை முடிந்தால் அவளைப் பார்க்கவே வழியில்லை. இதற்கெல்லாம் தடை என் செருப்புதான் என்று தீர்மானித்தேன். (முகத்தைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.)

ஞாயிறு காலை, நீலசந்திராவில் எங்கள் வீட்டருகே இருந்த ஷூ கடைக்குப் போனேன்.

"ரொம்ப தூரம் நடக்கணும். மெத்துனு இருக்கணும், பாதத்தத் தாங்கிப் பிடிக்கணும்" என்றேன்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். எட்டாம் நம்பரில் ஒரு கறுப்பு ஷூவை எடுத்துக் கொடுத்தார். போட்டால் தலையணை மேல் நின்ற மாதிரி இருந்தது. அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். மேல் தட்டில் ஒரு வெள்ளை ஷூவைப் பார்த்துத் தொலைத்தேன். பக்கவாட்டில் நீலக் கோடு. எங்கள் சங்கத்துப் பேனரும் நீலம்.

"அது ஏழுதான் இருக்கு சார். ஒங்குளுக்கு ஆவாது."

"போடப் போட இளகாதா?"

"ஸ்வல்ப இளகும். ஒங்க காலு சுருங்கிச்சின்னா கரெக்டா இருக்கும்."

கடைக்குள் நாலு எட்டு நடந்து பார்த்தேன். கட்டைவிரல் மடங்கியது. "சூப்பரா இருக்கு" என்றேன்.

திங்கள்கிழமை, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் வரிசை வரை வந்துவிட்டேன். இன்னும் பத்தடிதான். அதற்குள் முனீஸ்வரன் கோவில் வந்துவிட்டது. கற்பூரம் ஏற்றாமல் எங்கள் ஊர்வலம் அந்தக் கோவிலைத் தாண்டியதே இல்லை. கோஷம் போட்டவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, மோர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். நானும் கழற்றினேன். ஒரு கண் சாமி மேல், இன்னொன்று ஷூ மேல். எவனாவது தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பேன்.

திரும்பி வந்து காலை நுழைத்தால், போகவில்லை. வெயிலில் நடந்து வீங்கியிருந்தது. கல்லில் உட்கார்ந்து நாக்கைப் பிடித்து இழுத்தேன் (ஷூவின் நாக்கை), எழுந்து குதித்தேன். "நடீரி, நடீரி" என்று சங்கத்துச் செயலாளர் கன்னடத்தில் விரட்டினார். ஊர்வலம் கிளம்பிவிட்டது. லேஸை முடிச்சுப் போட்டு ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு தார் ரோட்டில் துள்ளித் துள்ளி ஓடினேன். இது ஏதோ புதுவகைப் போராட்டம் என்று நினைத்துப் பின்வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

சத்தம் கேட்டுத் திரும்பிய வசந்தா, பேனரைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இன்னாங்க பாலு, காலு வெந்துபூடும். இந்தாங்க, என் செருப்பப் போட்டுக்கங்க."

"அப்ப நீங்க?"

"அத்தக் குடுங்க. எனக்கு அஞ்சு, பரவால்ல."

நோட்டீஸ்களைக் கசக்கி ஷூவின் முனையில் திணித்து மாட்டிக்கொண்டாள். அவளுடைய பச்சை வார் ரப்பர் செருப்பில் என் விரல்கள் மட்டும்தான் நின்றன. குதிகால் ஓசூர் ரோட்டில் இருந்தது. ஆனாலும் அவள் பக்கத்தில் நடந்தேன். பொம்மனஹள்ளி வரை, முழுசாக ஒரு மணி நேரத்துக்கு மேல்.

அந்த ஒரு மணி நேரமும் என்ன பேசினேன் தெரியுமா? ஷூவைப் பற்றி. "உள்ள ஸ்பாஞ்ச் வெச்சிருக்காங்க. நடுப்பாதத்துல ஒரு மேடு இருக்கு பாருங்க, அதான் தாங்கும்" என்று கடைக்காரர் மாதிரி விளக்கினேன்.

"ஆமாங்க, நல்லாத்தான் கீது" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பே போதும் போல இருந்தது. மற்றதை அடுத்த திங்கள் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலைக் கூட்டத்தில், கம்பெனி இனித் திறக்கவே திறக்காது என்று செயலாளர் அறிவித்தார். ஒரே அழுகை, கூச்சல். அந்த நெரிசலில் வசந்தா அவள் அண்ணனோடு பஸ் ஏறினாள். படியில் அந்த வெள்ளை ஷூதான் எனக்குக் கடைசியாகத் தெரிந்தது. அந்த வாரமே குடும்பத்தோடு தருமபுரிக்குப் போய்விட்டார்களாம். பச்சை வார் செருப்பு என்னோடு நீலசந்திராவுக்கு வந்தது.

இப்போது என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். நான் ஷூ கடைக்குள் நுழைந்தாலே, "அப்பா, ஒங்களுக்கா, தருமபுரிக்கா?" என்பாள். என் மனைவிதான் முதலில் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் கடைக்காரர் "என்ன சைஸ் சார்?" என்று கேட்கும்போது, எட்டு என்று சொல்வதற்கு முன்னால், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அஞ்சு என்றுதான் வாய்க்கு வருகிறது.