ஐவார் பதம் சொன்ன பிஸ்கட் டப்பா

இந்த வருஷம் கரண்டியைக் கீழே வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

செப்டம்பர் வந்தால் செர்பியாவில் எங்கள் லெஸ்கொவட்ஸ் ஊரே சிவப்புக் குடமிளகாய் சுடும். சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டுக் கெட்டியாகக் கிண்டினால் ஐவார். சுடுவதும் உரிப்பதும் மனைவி. கிண்டுவது கணவன். எப்போது நிறுத்தலாம் என்று சொல்வது மறுபடியும் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து என் தேசங்கா வருவாள், எட்டிப் பார்ப்பாள், "இன்னும் ஆகலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாள். கை கழன்று விழுந்தாலும் அப்பீல் கிடையாது.

நான் யார்? ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன். நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது என் ரத்தத்தில் ஊறியது. நகம் அகலத்துக்கு ஒரு கலர் சென்சார் வாங்கினேன். குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றில் அதை இணைத்தேன். எதைக் காட்டினாலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லிவிடும். வெயிலும் மேகமும் குழப்பாமல் இருக்க, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிய பிஸ்கட் டப்பாவில் உட்கார வைத்து, அதற்கென்று தனியாக ஒரு விளக்கும் போட்டேன். ஒரு கரண்டி ஐவாரைத் தட்டில் வைத்து உள்ளே தள்ள வேண்டியதுதான். பதம் வராவிட்டால் டப்பா தலையில் சிவப்பு எரியும், வந்துவிட்டால் பச்சை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"தேசங்கா, இனிமே பதம் பார்க்க நீ சிரமப்பட வேண்டாம்."

"பின்னே யாரு பார்ப்பா? பிஸ்கட் டப்பாவா?"

"உன் கண்ணு நல்ல கண்ணுதான். ஆனா மனுஷக் கண்ணு. வெயில்ல ஒண்ணு சொல்லும், நிழல்ல ஒண்ணு சொல்லும்."

அவள் மிளகாய் உரிப்பதை நிறுத்தினாள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"சரி. பச்சை எரியற வரைக்கும் கிண்டுவியா?"

"கிண்டுவேன். எரிஞ்சதும் கரண்டியை வச்சிடுவேன். டப்பா ஜெயிச்சா அடுத்த வருஷம் கரண்டி உன் கைக்கு வந்துடும்."

"நடுவுல நான் வாயே திறக்கக் கூடாது?"

"கூடாது."

"ரொம்ப சந்தோஷம்."

எந்த நிறம் சரியான பதம் என்று சென்சாருக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். போன வருஷத்து ஐவார் கேட்டேன். நிலவறைக்குப் போய் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து, சிரித்த முகமாகவே நீட்டினாள். அளந்து போர்டில் ஏற்றிக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்தின் பின்முற்றத்தில் இரண்டு அடுப்பு. ஒன்றில் நான். இன்னொன்றில் பக்கத்து வீட்டு லியூபின்கா. அவள் கணவன் திஹோமிர் இடுப்பில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கையில் ராக்கியா என்கிற பழச்சாராயத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

கிண்டினேன். சிவப்பு. இன்னும் கிண்டினேன். சிவப்பு. கரண்டி போன தடத்தில் பாத்திரத்தின் அடியே தெரிந்தது. அப்போதும் சிவப்பு. தேசங்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, ஆயிடுச்சா?" என்றேன், சும்மா கேட்பதுபோல.

"என்னை ஏன் கேக்கற? என்னுது மனுஷக் கண்ணு."

"சிக்னல் கோளாறா வுகாஷின்?" என்றான் திஹோமிர். "ரயில் ரொம்ப நேரமா நிக்குதே."

"கோளாறெல்லாம் இல்லை. பாட்டரி இறங்கியிருக்கும்."

"மேல போய் மாத்திட்டு வா. அதுவரைக்கும் நான் கிண்டறேன்," என்றாள் தேசங்கா. இப்படிப்பட்ட மனைவியிடமா பந்தயம் கட்டினேன் என்று மனசு இளகிவிட்டது.

பாட்டரியை மாற்றி, ஒயரையெல்லாம் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு இறங்கினேன். ஐவார் சற்றுத் தளர்ந்திருந்தது. எண்ணெய் சேர்த்திருப்பாள். கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும். மறுபடியும் கிண்டினேன். மாடிக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். தோள்பட்டை போய்விட்டது, மானம் மட்டும் பாக்கி. வெயில் கட்டடத்துக்குப் பின்னால் சாய்கிற நேரம், பச்சை எரிந்தது.

கைதட்டல். கரண்டியைக் கொடிபோல உயர்த்தினேன்.

"பார்த்தியா தேசங்கா?"

"பார்த்தேன். அருமையான மெஷின். லியூபின்கா, உங்க ஐவார் ஆயிடுச்சு, ஜாடியை எடுத்துட்டு வா."

"அவங்களோடதா? அப்போ நம்மளது?"

"நீ பாட்டரி மாத்தப் போனியே, அப்பவே இறக்கி ஜாடியில போட்டாச்சு. அவங்க பாத்திரத்தைத் தூக்கி நம்ம அடுப்புல வச்சேன், நம்ம காலிப் பாத்திரத்தை அவங்க அடுப்புல. ரெண்டும் ஒரே மாதிரிதானே."

"அப்புறம் பச்சை எப்படி எரியும்?"

"நீ அளந்த ஜாடி லியூபின்கா போன வருஷம் குடுத்தது. அவங்க வீட்டுல நல்லாக் கறுத்தாத்தான் பதம். பாவம், திஹோமிருக்கு இடுப்புப் பிடிப்பு, அவளுக்கும் கை ஓஞ்சுபோச்சு. போய்க் கொஞ்சம் கிண்டிக் குடுன்னா நீ குடுப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வீட்டுப் பதத்தைக்கூட அச்சுப் பிசகாமல் பிடித்துவிட்டதே என் டப்பா. அதை வாய்விட்டும் சொன்னேன்.

"அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றாள் தேசங்கா. "மாடிக்காரங்க எல்லாரும் ஆளுக்கொரு பழைய ஜாடி குடுத்திருக்காங்க. நாளையிலேருந்து வரிசையா நீதான் கிண்டற."