தாழ்ப்பாள் நடவடிக்கை

ஒரு காட்டில் ராஜா என்று ஒரு சிங்கம் இருந்தது. கையெழுத்துப் போடுவதோடு சரி, எதையும் படிக்காது. படிப்பதற்கு நரி இருந்தது. நரிதான் கொள்முதல் குழுத் தலைவர்.

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் எதிர்மலைப் பாறையில் ஒரு சிறுத்தை வந்து உட்காரும். யாரைத் தின்னலாம் என்று அரை மணி நேரம் நிதானமாகப் பார்த்துவிட்டு இறங்கி வரும். செவலி என்ற மான் இரண்டு குட்டிகளை அப்படிப் பறிகொடுத்திருந்தது. மூன்றாவது குட்டி இப்போதுதான் காலூன்றி நிற்கப் பழகியிருந்தது.

செவலி அழுதுகொண்டே மனுக் கொடுத்தது. தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி ஒன்று வாங்கச் சிங்கம் சம்மதித்தது. ராணுவப் பயிற்சி மைதானத்து மரத்தில் வளர்ந்த கருமந்தியைக் கூப்பிட்டு நரி யோசனை கேட்டது.

"ரெண்டு வகைங்க," என்றது கருமந்தி. "செமி ஆட்டோமேட்டிக்னா விசையை அழுத்த அழுத்தச் சுடும். வெடிச்ச புகையோட வேகத்துலயே அடுத்த தோட்டா ஏறிக்கும். கூட்டமா வந்தா அதுதான் நல்லது. ஆனா உள்ள பாகம் ஜாஸ்தி, சேறு பட்டாச் சிக்கும். போல்ட் ஆக்‌ஷன்ல ஒவ்வொரு தடவையும் கையால இழுத்துத் தள்ளோணும். மெதுவுதான், ஆனா சுடறப்ப உள்ள ஒண்ணும் ஆடாது, குறி தப்பாது. வர்றது ஒத்தச் சிறுத்தை. இதே போதுமுங்க."

"குழல் விட்டம்?" நரி எழுதிக்கொண்டே கேட்டது.

"பாறை ஆயிரத்து இருநூறு மீட்டர் தள்ளி இருக்குதுங்க. ஏழு புள்ளி ஆறு ரெண்டு மில்லிமீட்டர எண்ணூறு வரைக்கும்தான் நம்பலாம். பன்னெண்டு புள்ளி ஏழு லாரியவே ஓட்டை போடும், ஆனா அதைச் சுமக்க யானைய அனுப்போணும். எட்டு புள்ளி ஆறுதான் சரி."

"வெள்ளிக்குள்ள வந்துருமுங்களா?" என்றது செவலி.

"வந்த மாதிரிதாம்மா," என்றது நரி.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கோப்பெல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் காட்டில் சட்டம். நல்ல சட்டம்தான், எனக்கும் பிடிக்கும். "எட்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர் போல்ட் ஆக்‌ஷன்" என்று நரி குறித்திருந்ததை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்புப் பிரிவு ஆமை அகராதியைப் புரட்டியது. போல்ட் என்றால் தாழ்ப்பாள். ஆக்‌ஷன் என்றால் நடவடிக்கை. "எட்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர் தாழ்ப்பாள் நடவடிக்கை, ஒன்று" என்று எழுதி அனுப்பியது. சிங்கம் கையெழுத்துப் போட்டது.

புதன்கிழமை தாழ்ப்பாள் வந்து இறங்கியது. கருமந்தி தலையில் அடித்துக்கொண்டது. நரி அளந்து பார்த்தது. தண்டு சரியாக எட்டு புள்ளி ஆறு.

"வாங்கின பொருளச் சும்மா போட்டு வெச்சா தணிக்கைல கேப்பாங்க," என்றது நரி. "இதை மாட்டக் கதவு வேணும். கதவு நிக்கச் சுவர் வேணும்."

அந்தக் காட்டில் எந்த வேலையும் அவ்வளவு சுருக்காக நடந்ததில்லை. வியாழன் சாயங்காலத்துக்குள் மான்களைச் சுற்றி நாலு பக்கமும் இருபது அடிச் சுவர் எழும்பிவிட்டது. ஒரே கதவு.

வெள்ளிக்கிழமை சிறுத்தை இறங்கி வந்தது. செவலி உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போடப் பார்த்தது. குளம்பு வழுக்கியது, திரும்பவும் வழுக்கியது. குட்டியை மறைத்துக்கொண்டு பின்னால் பார்த்தது. எந்தப் பக்கமும் சுவர்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சிறுத்தை உள்ளே வந்து கதவைச் சாத்தியது. அதற்கு நகம் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டது.

மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டதாக எழுதி நரி கோப்பை மூடியது.

நீதி: மனுக் கொடுக்காத மானுக்கு ஓடவாவது இடம் இருக்கும்.