உருண்டோடிய பல் நாற்காலி

அந்த யோசனை ஏ.எஸ்.ராவ் நகரில், அண்ணியின் பல் கிளினிக்கில், கையில் சாப்பாட்டுக் கேரியரோடு நின்றபோதுதான் எனக்கு உதித்தது. (நல்ல யோசனைகள் எனக்கு நிற்கும்போதுதான் வரும். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள்.)

ஆதிலாபாத் மலைப்பக்கத்து கோண்டு பழங்குடிக் கிராமமொன்றின் பள்ளி ஆசிரியர் பீம்ராவ், ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஒரு பல்லுக்கு இவ்வளவு தூரமா சார்?” என்று என் ஓட்டைத் தெலுங்கில் கேட்டேன்.

“எங்க பக்கம் பல் டாக்டரே இல்ல சார். எங்க அக்கா ஜங்குபாய்க்கு என்னைவிட மோசம். பல நாளா வெறும் கஞ்சிதான். பட்டணத்து டாக்டர்னா பயம், வர மாட்டேங்கிறா.”

“அப்ப நாம போவோம் அண்ணி!”

“பல்லு பிடுங்க நாற்காலி வேணுமே கொழுந்தனாரே, தூக்கிட்டா போவீங்க?”

தூக்கிக்கொண்டுதான் போனேன். என் சாஃப்ட்வேர் கம்பெனி கட்டிடம் மாறியபோது கழித்துவிட்ட சுழல் நாற்காலி. சாயும், ஏறும், இறங்கும். அதைச் சுமோவின் தலையில் கட்டியபோது என்னை ஒரு மேதை என்றே நினைத்துக்கொண்டேன்.

பள்ளி முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. முன்னால் ஜங்குபாய், கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு. யாரும் உட்கார வரவில்லை. “பயப்பட ஒண்ணுமில்ல, பாருங்க!” என்று நானே உட்கார்ந்து வாயைப் பிளந்தேன். (வீட்டிலேயே டாக்டர் இருந்தும் அதுவரை நான் யாரிடமும் பல்லைக் காட்டியதில்லை.)

அண்ணி சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். “ஐயையோ தம்பி, கடவாய்ப் பல்லு சொத்தை!” என்றபடி கண்ணாடியை வெளியே எடுத்து, நாற்காலியைச் சாய்த்தார்.

ஹைடெக் சிட்டியில் என் ஆபீஸ் தரை சமமாக இருக்கும். மலைக்கிராமத்து முற்றம் அப்படியில்லை. சக்கரங்கள் அத்தனையும் ஒருமனதாகச் சரிவைத் தேர்ந்தெடுத்தன. “அண்ணீ...” என்ற அலறலோடு கோழிகளைக் கலைத்துக்கொண்டு உருண்டுபோய், ஒரு வைக்கோல் போரில் முட்டி நின்றேன்.

திரும்பி வந்தால் முற்றம் காலி. பல்லைப் பார்த்தாலே மனுஷன் இப்படித்தான் கத்துவான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஜங்குபாயும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாருக்காக வந்தோமோ, அவரையே விரட்டிவிட்டேன்.

அண்ணி பையை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில், தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தம்பி பீம்ராவின் தோளில் தலையைச் சாய்த்து ஜங்குபாய் வாயைத் திறந்தார். அண்ணி சீழை வடித்து, மாத்திரை கொடுத்து, “வீக்கம் வடிஞ்சதும் பல்லை எடுக்கணும்” என்றார். ஜங்குபாய் என்னைப் பார்த்துக் கோண்டி மொழியில் ஏதோ சொன்னார். பீம்ராவ் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்:

“முதல்ல அந்தக் கத்தின தம்பிக்கு எடுக்கட்டுமாம். அவர் கத்தாம இருந்தா அவளும் உட்காருவாளாம், ஊரும் உட்காருமாம்.”

“ஹவ், சரி!” என்று அண்ணி உடனே ஒப்புக்கொண்டார். பல் என்னுடையது. யார் கேட்டார்கள்?

வீட்டில் இப்போது நான் எதில் உட்கார்ந்தாலும் அண்ணன், “பாத்துல, பிரேக் இருக்கா?” என்கிறான். அவன் மகன் வாயைப் பொத்திக்கொண்டு, “சித்தப்பா, நக்கோ, வேணாம்!” என்று ஓடிக் காட்டுகிறான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். ஊசி போட்டால் வலிக்காது என்கிறார் அண்ணி. எதற்கும் இருக்கட்டும் என்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயை அகலத் திறந்தபடி கத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.